ஒட்டுப் போட்ட கேசட்

இப்போதெல்லாம் ஒரு பொருளை வாங்கி, அது கெட்டுப்போகும்வரை வைத்திருந்து, அதன்பிறகு வாயைத் திறக்கிறவன் எவனும் இல்லை. பெட்டியைப் பிரிக்கும்போதே பேச ஆரம்பித்துவிடுகிறான். படம் பாதி ஓடும்போதே 'தேறாது' என்று போனில் தட்டுகிறான். காதில் மாட்டுகிற சாமானின் மேலே ஒட்டின பிளாஸ்டிக்கைக்கூட உரிக்காமல் அதில் சத்தம் போதாது என்கிறான். கேட்கிறவனும் மண்டையை ஆட்டுகிறான். நான் முப்பத்தாறு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். எவனோ நல்லாயிருக்கு என்று சொன்னதை வைத்து ஒரு கயிற்றை நம்பியிருந்தால் பத்துப் பேர் போய்ச் சேர்ந்திருப்பார்கள். என்னோடு பதினொன்று.

இப்படிப் பேசியே பிழைக்கிற ஒருவரிடம்தான் என் மகள் என்னை இழுத்துக்கொண்டு போனாள். சினிமா, காமிரா, தூண்டில், சைக்கிள் விளக்கு, பழைய கம்ப்யூட்டர் என்று எதைக் கையில் கொடுத்தாலும் வீடியோவில் அபிப்பிராயம் சொல்லுவார். அவருக்கு அபிப்பிராயக்காரர் என்று பேர் வைத்தது நான்தான்.

போன காரணம் ஒரு கேசட். செத்துப்போன என் தம்பியுடையது.

தம்பி ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை பார்த்தான். யாரோ கடையில் விட்டுப்போன கம்ப்யூட்டர் ஒன்றைச் சரிபண்ணி வீட்டுக்குக் கொண்டுவந்தான். அந்தக் காலத்துச் சாமான். தட்டுகிற பலகையேதான் கம்ப்யூட்டர். திரை கிடையாது, வீட்டு டிவியில் மாட்டவேண்டும். தட்டினதையெல்லாம் டேப்ரிக்கார்டரில் கேசட் போட்டுப் பதிந்தால்தான் நிற்கும். அதற்குள் கரண்ட் போனால் எல்லாம் போச்சு.

வீட்டில் இருந்தது ஒரே டிவி. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நடுவில் நின்றுபோன லிஃப்டிலிருந்து ஆட்களை இறக்கிவிட்டு அலுத்துப்போய் வந்தேன். டிவியில் படம் போடுகிற நேரம். தம்பி காலையிலிருந்து அதன் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"எழுந்திருடா."

"அஞ்சு நிமிஷம்ணே. முடிச்சுப் பதிஞ்சுடறேன்."

அஞ்சு நிமிஷம் போனது. இன்னும் அஞ்சு என்றான். நான் கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கினேன். அவன் பலகையைத் துணியில் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டான். நான் படத்தை முழுசாகப் பார்த்தேன். குப்பைப் படம். இன்றைக்கும் என் அபிப்பிராயம் அதுதான்.

அதற்கப்புறம் பதினொரு மாசம் அவன் என்னோடு பேசவில்லை. ஒரே வீடு, ஒரே கூடம். நடுவில் என் வீட்டுக்காரிதான் தபால்காரி.

"குழாயில தண்ணி வந்துடுச்சான்னு உங்க அண்ணன் கேக்கறாரு."

"வந்துடுச்சுன்னு சொல்லிடுங்க அண்ணி."

நான் அங்கேயே நின்றுகொண்டிருப்பேன். ரெண்டு பேருக்கும் வீம்பு. பன்னிரண்டாவது மாசம் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டான். நான் போய் நின்றபோது நினைவு இல்லை. வயசு இருபத்தாறு.

கம்ப்யூட்டரைக் கடைக்காரர் வாங்கிக்கொண்டு போனார். அவன் பெட்டியில் இந்தக் கேசட் கிடைத்தது. மேலே 'அண்ணனுக்கு' என்று எழுதியிருந்தான். ஓடவிட்டால் பேச்சு இல்லை, தகரத்தைச் சிமென்டுத் தரையில் இழுக்கிற மாதிரி ஒரே கீச்சு. நடுவில் எங்கேயாவது பேசுவான் என்று வருஷக்கணக்கில் போட்டுப் போட்டுக் கேட்டேன். ஒரு தடவை ரிக்கார்டர் டேப்பைத் தின்றுவிட்டது. கசங்கின துண்டை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு முனையையும் ஒட்டினேன். பாட்டுக் கேசட்டுக்கெல்லாம் அப்படித்தான் செய்வது. வெட்டினது கட்டைவிரல் அகலம் இருக்கும்.

நாற்பது வருஷம் கழித்து என் மகள் சொல்கிறாள், "அது வெறும் இரைச்சல் இல்லப்பா. கம்ப்யூட்டருக்குப் புரியற எழுத்து. அதே மாதிரி மிஷின்ல போட்டா சித்தப்பா என்ன எழுதினார்னு தெரியும்."

என்ன எழுதினான் என்பது எனக்குத் தெரியவேண்டும். மன்னித்தானா, மன்னிக்காமலே போனானா. வேறு ஒன்றும் எனக்கு வேண்டாம்.

கேசட்டை முன்னாலேயே அவரிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். நாங்கள் போனபோது எல்லாம் தயாராக இருந்தது. மாடி அறை. சுவர் முழுக்கத் தட்டு, தட்டு முழுக்கப் பழைய கம்ப்யூட்டர்கள், ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை. கண்ணைக் குத்துகிற விளக்கு. முக்காலியில் காமிரா. அபிப்பிராயக்காரர் வந்து என் சட்டையில் மைக்கை மாட்டினார்.

"இது எதுக்கு?"

"நீங்க பேசறது பதியணும் ஐயா."

"நான் பேச வரலை. பாக்க வந்தேன்."

சிரித்துக்கொண்டார். கழற்றவில்லை. மேசையில் இருந்த பலகையைத் தடவி, "இதுல தட்டற சுகம் இப்ப வர்ற எதுலயும் இல்லை" என்றார்.

"நீங்க எத்தனை வருஷம் தட்டினீங்க?"

"நான் சேகரிக்கறேன் ஐயா. தட்டினா தேஞ்சுடும்."

மகள் என் கையைக் கிள்ளினாள்.

திரையில் இங்கிலீஷ் எழுத்து வந்தது. அந்த மிஷினுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாதாம்; தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருக்கிறானாம். எனக்கு அந்த எழுத்து வராது. மகள் படித்தாள். "அண்ணன் லிஃப்ட். ரெண்டாம் தடவை எழுதினது."

முதல் தடவை எழுதினது என்ன ஆயிற்று என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அது ஒரு விளையாட்டு. கோடு கோடாக ஒன்பது மாடி. கட்டம் போட்ட லிஃப்ட். பையைத் தோளில் மாட்டின ஒரு குட்டி ஆள். நின்றுபோன லிஃப்டைச் சரிபண்ணி ஆட்களை இறக்கவேண்டும். அபிப்பிராயக்காரர்தான் விளையாடினார். ரிப்பேர் முடிந்ததும் லிஃப்ட் ஆளை ஏற்றவில்லை. காலியாக மேலேவரை போய், கீழே வந்து, அப்புறம்தான் கதவைத் திறந்தது. நான் அப்படித்தான் செய்வேன். சாப்பிடும்போது அவனிடம் எப்போதோ சொல்லியிருப்பேன். கேட்டுவைத்திருக்கிறான். இதை எழுதினது அவன்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லாமல் போனது.

கடைசி ஆளை இறக்கினதும் படம் அழிந்து இரண்டு வரி வந்தது. அபிப்பிராயக்காரர் குரலை இறக்கி, காமிராவைப் பார்த்துப் படித்தார். "அண்ணே, இந்த லிஃப்ட் உனக்குத்தான். அன்னைக்கு நீ செஞ்சதுக்கு உன் மேல எனக்குக் கோபம் இல்லை."

மகள் மூக்கை உறிஞ்சினாள். எனக்கும் அதை நம்பிவிட ஆசைதான். ஆனால் நான் டேப்பை வெட்டினவன்.

"நான் ஒட்டின இடம் எங்க வருது?"

"அதெல்லாம் சரிபண்ணிட்டேன் ஐயா."

"சரிபண்ணினீங்க. எங்க வருது?"

அவர் மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள். அவளுக்கு முன்னாடியே தெரியும்போல.

"கடைசி வார்த்தையில ஐயா. வெட்டின இடத்துல எழுத்து இல்லை. வேற என்ன இருக்க முடியும், அதான் 'இல்லை'ன்னு நான் போட்டேன்."

"எத்தனை எழுத்து போச்சு?"

"டேப் நீளத்தை வெச்சுப் பாத்தா ஒரு பத்து."

"இல்லைன்னு எழுத இங்கிலீஷ்ல எத்தனை வேணும்?" மகளைக் கேட்டேன்.

"அஞ்சுப்பா."

"மீதி அஞ்சு?"

அவர் திரையை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "'இப்ப இல்லை'ன்னுகூட இருந்திருக்கலாம்" என்றார்.

"'தீரலை'ன்னும் இருந்திருக்கலாம்."

"அப்பா, கோபமா இருக்கறவர் உங்களுக்காக இவ்வளவு எழுதுவாரா?"

"எழுதுவான். அவன் அண்ணிகிட்ட மரியாதையாப் பேசிக்கிட்டே பதினொரு மாசம் என்னைத் திரும்பிப் பாக்காதவன். உனக்கென்ன தெரியும், நீ அப்போ பொறக்கவே இல்லை."

அபிப்பிராயக்காரர் நாற்காலியை நெருக்கிப் போட்டார். "ஐயா, நான் இந்த மாதிரி நூத்துக்கணக்கில பாத்திருக்கேன். என் அபிப்பிராயத்துல அவர் மன்னிச்சுட்டார்."

"அவனை நீங்க பாத்திருக்கீங்களா?"

"இல்லை."

"நீங்க போட்டதை எடுங்க."

"எடுத்தா வரி பாதியில நிக்கும். பாக்கறவங்களுக்குப் புரியாது ஐயா."

"நிக்கட்டும். அந்த இடத்தைக் காலி பண்ணினது நான். நீங்க ரொப்ப வேண்டாம்."

அவர் பலகையைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு தட்டினார். தேய்ந்துவிடுமே என்கிற தயக்கத்தோடு ஒவ்வொன்றாகத் தட்டினார். வரி மறுபடி வந்தது. முனையில் எழுத்தே இல்லாமல் கொஞ்சம் கறுப்பு.

"எடுத்துட்டேன் ஐயா. போதுமா?"

"எடுத்துட்டாருப்பா" என்றாள் மகள்.

எடுத்திருக்கலாம். எடுத்தது அவர் போட்டதா, அவன் எழுதினதா, அந்த எழுத்து வராத எனக்கு என்ன தெரியும். பத்து எழுத்துக் கணக்கும் அவர் சொன்னதுதான். மைக்கைச் சட்டையிலிருந்து பிடுங்கி மேசையில் வைத்தேன். கேசட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். விளையாட்டு அவனுடையதுதான்; அந்தக் கீச்சில் கடைசி வரியும் இவர் காட்டினபடிதான் இருந்ததா என்பதை நான் பார்த்ததில்லை. வாசலுக்கு நடந்தேன். பின்னால் அவர், இதைப் பற்றி ஒரே ஒரு வரி சொல்லிவிட்டுப் போங்கள் என்று கேட்டார். நான் திரும்பவில்லை.