தொட்டியில் உயிர்

நீளக் கம்பில் கட்டிய வலையால் தொட்டிக்காரி நுரையை வழித்து வெளியே போட்டாள். போடப் போடப் பொங்கிக்கொண்டே வந்தது. எப்போதும் பழுப்பாகச் சுழலும் தண்ணீர் அன்று கழுநீர்போல் வெளுத்திருந்தது. மூக்கில் ஏறிய நெடியில் கண் கரித்தது.

மீனை வெட்டிச் சுத்தம் செய்து பெட்டியில் அடைத்து அனுப்பும் தொழிற்சாலை அது. இரத்தமும் செதிலுமாகக் கழுவிவிடும் தண்ணீர் இந்தத் தொட்டியில் தெளிந்த பிறகுதான் கடலுக்குப் போகும். அதற்குக் காற்று ஊதும் மெஷினைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை.

லேப்காரப் பெண் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மொண்டு மருந்துச் சொட்டு விட்டாள். குழாய் கரும்பச்சையானது.

"மஞ்சளா நிக்கணும்க்கா. பாசி மாதிரி ஆயிடுச்சு பாருங்க. அம்மோனியா அப்படியே இருக்கு."

"மெஷின் நிக்காம ஓடுதே பாப்பா?"

"மெஷின் காத்துதான் குடுக்கும். அம்மோனியாவைத் தின்னுறது தொட்டிச் சேத்துல இருக்கிற உயிருங்க. கண்ணுக்குத் தெரியாது. ஒரு கூட்டம் தின்னுட்டுப் போட்ட மிச்சத்தை இன்னொரு கூட்டம் தின்னும். அப்புறம்தான் தண்ணியில விஷம் இருக்காது. ரெண்டு கூட்டமும் செத்துப்போச்சுன்னு நினைக்கிறேன்."

கடலில் குழாய் விழும் இடத்தில் மீன்கள் வயிறு மேலாக மிதந்ததைப் பார்த்துவிட்டு அதிகாரி வந்துபோனார். தண்ணீர் சீக்கிரம் சரியாகவில்லையென்றால் ஆலைக்குப் பூட்டு என்று சொல்லிவிட்டார். மேனேஜர் நேரே தொட்டிக்கு வந்தார்.

"மெஷினை அணைச்சுட்டுத் தூங்கினியா?"

"இல்ல சார். ஒரு நிமிஷம்கூட அணைக்கல."

"அப்ப தானாவா செத்துச்சு? ஆலையை மூடினா மொதல்ல வெளிய போறது நீதான்."

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? வெட்டும் கூடத்துப் பெண்கள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். சாப்பாட்டு பெஞ்சில் அவளுக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாகவே கிடந்தது.

அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தவள் அவளுடைய நாத்தனார். கூடத்தில் தரை கழுவுகிறவள். ஒரே வீட்டில் இருந்தாலும் இருவரும் எலியும் பூனையும்தான். அன்று நாத்தனார் டப்பாவைத் திறக்கவே இல்லை.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும். மீன் வாங்குற கம்பெனிக்காரங்க பார்க்க வந்தாங்கல்ல? அதுக்கு முந்தின நாள் தரை பளிச்சுன்னு இருக்கணும்னு சூப்பர்வைசர் பிளீச்சிங் பவுடரை டிரம் டிரம்மா கரைச்சு ஊத்தச் சொன்னார். நாந்தான் ஊத்தினேன். அத்தனையும் சாக்கடை வழியா உங்க தொட்டிக்குத்தான வந்திருக்கும்?"

தொட்டிக்காரி கையிலிருந்த சோற்றை டப்பாவில் உதறினாள். "இத்தனை நாளா வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தே?"

"வெளிய சொன்னா உன் வேலை போயிடும்னு மிரட்டினார் அண்ணி."

"இப்ப மட்டும் போகாதா?"

"போனா போகுது. உங்க மேல பழியைப் போட்டுட்டு, நீங்க ஆக்கிப் போடுற சோறு எனக்கு எறங்குமா?"

தொட்டிக்காரி தன் டப்பாவை அவள் பக்கம் தள்ளினாள். "மொதல்ல தின்னு. வெறும் வயித்தோட மேனேஜர்கிட்டப் போனா மயங்கி விழுவே."

மேனேஜர் அறையில் நாத்தனார் எதையும் விடாமல் சொன்னாள். சூப்பர்வைசர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேனேஜர் யாரையும் திட்டவில்லை. தொட்டிக்காரியிடம் மன்னிப்பும் கேட்கவில்லை.

"இனி என்ன வழி?" என்று லேப்காரப் பெண்ணிடம் கேட்டார்.

"நகரத்துச் சாக்கடை நிலையத்துல உயிருள்ள சேறு இருக்கு சார். ஒரு லாரி கொண்டுவந்து ஊத்தலாம். பாலுக்கு உறை ஊத்துற மாதிரிதான். ஆனா மெதுவாத்தான் பெருகும்."

லாரி வந்தது. குழாயிலிருந்து பழுப்புச் சேறு குபுகுபுவென்று கொட்டியபோது தொட்டிக்காரிக்கு அந்த நாற்றம்கூட வாசமாக இருந்தது. அன்றிலிருந்து கூடத்தில் ஒரு வாளி பிளீச்சிங்கூட சாக்கடையில் இறங்காமல் நாத்தனார் காவல் காத்தாள். தினமும் காலையில் கண்ணாடிக் குழாயில் பச்சை விழுந்தது. முதலில் பாசிப் பச்சை, பிறகு இலைப் பச்சை, பிறகு தளிர்ப் பச்சை.

ஒரு நாள் சொட்டு விழுந்தும் தண்ணீர் பச்சையாகவில்லை. தொட்டிக்காரி குழாயைப் பிடுங்கி வெயிலில் தூக்கிப் பிடித்தாள்.

"மஞ்சள்தானே பாப்பா? என் கண்ணு பொய் சொல்லலையே?"

"மஞ்சளேதான்க்கா!"

அவள் தொட்டி விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை யாரோ இறக்கி வைத்ததுபோல் இருந்தது. செய்தி கேட்டு ஓடிவந்த நாத்தனார், "என்ன அண்ணி, பிள்ளை பெத்தவ மாதிரி உட்கார்ந்துட்டீங்க?" என்றாள். "லட்சக்கணக்குல பெத்திருக்கேன்டி, பேர் வைக்கத்தான் ஆள் இல்ல" என்றாள் அவள். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அதிகாரியும் சோதித்துப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். மதியம் வெட்டும் கூடத்துப் பெண்கள் அவளை இழுத்து நடுவில் உட்காரவைத்தார்கள்.

மீன்கள் முட்டையிடும் பருவம் வந்தது. மீன்பிடிக்கத் தடை போட்டதால் படகுகள் கரையேறின. இரண்டு மாதம் ஆலையில் வெட்ட மீன் கிடையாது. கடைசி நாள் மேனேஜர் தொட்டிக்கு வந்தார்.

"கழிவுத் தண்ணி வராட்டி இதுங்க பட்டினியில செத்துடும். தீனிக்கு யூரியாவும் சோடா உப்பும் வாங்கியிருக்கேன். இந்தப் பம்பு சொட்டுச் சொட்டா விடும். ஒரு வேளைகூடத் தப்பக் கூடாது. வாட்ச்மேன் பார்த்துக்குவான்."

"எங்களுக்கு சார்?"

"தொறக்கும்போது சொல்லி அனுப்புறோம்."

அண்ணியும் நாத்தனாரும் மூட்டைகளை ஆளுக்கொரு முனை பிடித்துத் தூக்கி, பீப்பாய் நிறையக் கரைத்து வைத்தார்கள். கை கழுவிக்கொண்டு வெட்டும் கூடத்துப் பெண்களோடு வெளியே வந்தார்கள். வாட்ச்மேன் இரும்புக் கதவைச் சாத்திச் சங்கிலி போட்டான். உள்ளே பழுப்புத் தண்ணீர் சுழன்றுகொண்டிருந்தது. பம்பிலிருந்து தீனி சொட்டுச் சொட்டாக, தவறாமல் விழுந்துகொண்டிருந்தது.