வரவேண்டாம் என்று சொல்லப் போனவர்

அந்தக் காய்ச்சல் பருவம் முழுக்க வார்டன் வீட்டுக் கேட்டில் பூட்டுத் தொங்கியது. கல்லூரி விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். சுவர் ஏறிக் குதிப்பவனின் நிழலைப் பார்த்தே அவன் எந்த அறைக்காரன் என்று சொல்லிவிடுவார் என்று பெயர். இப்போது காவல் காக்க அவருக்கு இருந்தது ஒரே ஒரு பேத்தி.

ஊரெல்லாம் ஃப்ளூ. ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்காமல் ஜனங்கள் வராந்தா பெஞ்சில் சுருண்டு கிடந்தார்கள். குழந்தையோ குறைமாதத்தில் பிறந்தது. மகள் அதைத் தூக்கிக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்தபோது துணிதான் தெரிந்தது, பிள்ளையைத் தேட வேண்டியிருந்தது. இவ்வளவு சிறிய குழந்தைக்குத் தடுப்பூசி போட முடியாது, சுற்றி இருக்கிறவர்கள்தான் வேலி, விருந்தாளி யாரும் வேண்டாம் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வார்டன் மறுநாளே மனைவியையும் மகளையும் கூட்டிப்போய் ஊசி போட வைத்தார். முதல் ஆளாகச் சட்டைக் கையை மடித்தவரும் அவர்தான்.

பால் பாக்கெட் கேட்டில் மாட்டிய பையில் விழும். பேப்பர் வெயிலில் காய்ந்த பிறகே உள்ளே வரும். தபால்காரர் தும்மினார் என்று ஒரு கடிதம் அரை நாள் மாடிப்படியில் கிடந்தது. இனி காற்றுக்கும் கேட் பாஸ் கேட்பார் என்று மனைவி கேலி செய்தார். வார்டன் சிரிக்கவில்லை. தன் வீட்டுக்கு வந்த பெண்ணையும் பிள்ளையையும் பத்திரமாகத் திருப்பி அனுப்பவில்லை என்றால் அப்புறம் என்ன குடும்பம், என்ன மரியாதை?

சிக்கல் சம்பந்தி உருவத்தில் வந்தது. அவர் பெயிண்ட் கடைக்காரர், வாயும் மனசும் பெரியது. மாப்பிள்ளைக்குப் பார்சல் ஆபீஸில் வேலை. நாள் முழுக்க நாலு பேர் முகத்தில் முழிக்கிற வேலை என்பதால் அவரே ஒதுங்கிப் பெற்றோர் வீட்டில் இருந்தார். சம்பந்தியோ, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பேத்தியைப் பார்க்க வருகிறோம் என்று போன் செய்துவிட்டார்.

வார்டன் போனைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். விடுதிக் காலத்தில் அமைச்சர் வீட்டுப் பையனையே வாசலில் நிறுத்தியவர்தான். ஆனால் பெண் கொடுத்த இடத்தை எப்படி நிறுத்துவது? போனிலேயே வராதே என்று சொன்னால் முகத்தில் கதவைச் சாத்துவது போல. மாப்பிள்ளையிடம் சொல்லி அனுப்பினால் அதைவிடக் கேவலம். நேரில் போய் உட்கார்ந்து பக்குவமாகச் சொல்வதுதான் முறை என்று முடிவு செய்தார். மனைவியிடம் மருந்துக் கடைக்கு என்று சொல்லிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையும் முகக்கவசமுமாகக் கிளம்பினார். முந்தின நாள் பால்காரரிடம் கத்தியதில் தொண்டை கொஞ்சம் கரகரத்தது.

சம்பந்தி வீட்டின் முன்பக்கமே கடை. அதன் பின்னால் இருந்த சிறிய அறையில் சம்பந்தி அவரை உட்கார வைத்தார். சன்னல் திறக்க முடியாதபடி பெயிண்ட் டின்கள் கூரைவரை அடுக்கப்பட்டிருந்தன. சம்பந்தி இருமினார். பெயிண்ட் நெடி என்றார். வார்டன் முகக்கவசத்தில் கை வைத்தார். சம்பந்தி வீட்டில் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான் என்று நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது. கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தார். டீ வந்தது. குடித்தார். சுற்றி வளைத்து விஷயத்துக்கு வர வெகுநேரம் ஆயிற்று. சம்பந்தி முகம் வாடாமல் கேட்டுக்கொண்டார். பேத்தி முக்கியம், கொஞ்ச நாள் கழித்தே வருகிறோம் என்றார். வார்டன் ஒரு போரை ஜெயித்தவர் போல வீடு திரும்பினார்.

அந்த வாரமே மனைவி காய்ச்சலில் படுத்தார்.

வார்டனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒரு ஈ, காக்கை உள்ளே வரவில்லை. ஊசியும் போட்டாயிற்று. பிறகு எந்த வழியாக? பால் பையை முகர்ந்து பார்த்தார். பின்பக்கச் சன்னலைத் திறந்தது யார் என்று விசாரணை நடத்தினார். மதிலில் வழக்கமாகப் படுத்திருக்கும் பூனையைக்கூட ஒரு மாதிரி பார்த்தார். நடுவில் அவருக்கும் இருமல் வந்தது. விசாரித்து விசாரித்துத் தொண்டை வறண்டுவிட்டது என்று வெந்நீர் குடித்தார்.

மகள் குழந்தையோடு அறைக்குள் இருந்தபடியே கணவரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு நின்றது. கதவு ஒரு சாண் திறந்தது.

"அப்பா, நீங்க அவங்க வீட்டுக்குப் போனீங்களா?"

வார்டன் தொண்டையைச் செருமினார். அதுவே பதிலாகப் போயிற்று.

"மாமா படுத்த படுக்கையா இருக்காராம். சம்பந்தி வந்துட்டுப் போனதுல இருந்துதான்னு அத்தை சொல்றாங்களாம்."

"நான் போறப்பவே அவர் இருமிட்டு இருந்தாரும்மா. பெயிண்ட் நெடின்னார்."

"நீங்க?"

"எனக்கு அது... பால்காரன்கிட்ட கத்தினது."

சொல்லும்போதே அவருக்குச் சந்தேகம் வந்தது. கத்தியதால் கரகரத்ததா, கரகரத்ததால் கத்தினாரா? அதற்கு முந்தைய நாள் மருந்துக் கடைக் கூட்டத்தில் நின்றாரே, அங்கேயா? அவர் கொண்டுபோய்க் கொடுத்தாரா, வாங்கிக்கொண்டு வந்தாரா? எந்த முனையைப் பிடித்து இழுத்தாலும் நூல் சிக்கியது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. நேற்றுக் காலை வரை சன்னலோரம் பேத்தியை மடியில் வைத்திருந்தவர் அவர்தான்.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்து நடந்ததை ஒப்பித்துவிட்டு, யாரிடமிருந்து யாருக்கு வந்திருக்கும் என்று கேட்டார். அது யாருக்கும் தெரியாது, இப்போது தெரியவும் வேண்டாம் என்றார் டாக்டரம்மா. ஊசி போட்டாலும் சிலருக்கு வரும், கடுமை குறையும். குழந்தைக்குக் காய்ச்சலோ வேகமூச்சோ தெரிந்தால், பால் குடிக்க மறுத்தால், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் தூக்கி வர வேண்டும். மகள் முகக்கவசம் போட்டுக்கொண்டு பால் கொடுக்கலாம். இருமுகிற யாரும் கீழே இருக்கக் கூடாது.

"மாடிக்குப் போங்கப்பா, அம்மாவையும் கூட்டிட்டு" என்றாள் மகள். "நான் கூப்பிடற வரைக்கும் யாரும் இந்தப் பக்கம் வரக்கூடாது. நீங்களும்தான்."

வார்டனை ஆயுளில் யாரும் அப்படி நிறுத்தியதில்லை. கோபம் வர வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு பெருமை வந்தது. அது பெருமைதானா என்றும் தெரியவில்லை. மனைவியைக் கூட்டிக்கொண்டு படியேறினார்.

மனைவிக்குக் காய்ச்சல் இறங்கிய பிறகு ஒரு மத்தியானம் கேட்டில் சத்தம் கேட்டது. மாடிச் சன்னல் வழியாகப் பார்த்தால் சம்பந்தி. இளைத்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. வருத்தத்தைப் போனில் சொன்னால் மரியாதையில்லை, நேரில் சொல்ல வந்தேன் என்றார். சொல்லி முடிப்பதற்குள் இருமிவிட்டார்.

வார்டன் சன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். அன்று டீயைக் குடித்துக்கொண்டு சுற்றி வளைத்தது நினைவுக்கு வந்தது.

"சம்பந்தி, உள்ள வராதீங்க. கேட்டையும் தொடாதீங்க."

தெருவே கேட்டிருக்கும். சம்பந்தி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். பிறகு சிரித்தார்.

"இதை அன்னைக்குப் போன்லயே சொல்லியிருக்கலாமே, வார்டன் சார்."

"நீங்க தப்பா நினைச்சுட்டா?"

"எனக்கு அன்னைக்குக் காலையிலயே உடம்பு அனலாத்தான் இருந்துச்சு. தேடி வந்த சம்பந்தியைப் போங்கன்னு எப்படிச் சொல்றது? பெயிண்ட் மேல பழியைப் போட்டேன்."

அப்படியானால் இவர்தான் கொடுத்தாரா என்று வார்டன் கணக்குப் போடத் தொடங்கினார். ஆனால் தன் தொண்டை அதற்கு முந்தின நாளே கரகரத்ததே என்று கணக்கு மறுபடி குழம்பியது. விட்டுவிட்டார்.

கீழே மகளின் அறைச் சன்னல் திறந்தது. முகக்கவசம் போட்ட முகம். அதற்குக் கீழே துணிச்சுருளில் பேத்தி, நன்றாகப் பால் குடித்த மயக்கத்தில், ஒரு கையை வெளியே நீட்டியபடி. காய்ச்சல் இல்லை என்று காலையில்தான் மகள் படிக்கட்டில் நின்று சொல்லியிருந்தாள். கேட்டுக்கு வெளியே ஒரு தாத்தாவும் மாடியில் ஒரு தாத்தாவும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். மாடியில் இருந்தவருக்குத் துணி மட்டும்தான் தெரிந்தது.

"போதும், ரெண்டு பேரும் பாத்தாச்சு" என்று சொல்லி மகள் சன்னலைச் சாத்தினாள்.