சாமி அலமாரியில் எட்டுக்கைச் சக்கரம்

1

இந்தக் கதை ஒரு வாட்ஸ்அப் செய்தியாகத்தான் தொடங்கியது. அண்ணிக்கு அனுப்ப வேண்டிய செய்தி. என் வேலையில் கை எப்போதும் நூலோடும் கத்தரியோடும் இருக்கும். அதனால் போனை எம்பிராய்டரி மெஷின் மேல் சாய்த்து வைத்து, மைக்கை அழுத்திவிட்டுப் பேசுவேன், அது எழுத்தாக்கிக்கொள்ளும். குரலாகவே அனுப்பலாமே என்று கேட்பீர்கள். அண்ணி ராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலையில் இருக்கிறார். அந்தச் சத்தத்தில் குரல் எடுபடாது. எழுத்தென்றால் சாப்பாட்டு நேரத்தில் படித்துக்கொள்வார்.

பதினோரு முறை பேசினேன், பதினோரு முறையும் அழித்தேன். 'நான்' என்று தொடங்கிய எந்த வாக்கியமும் முடிய மறுத்தது. கடைசியில் 'நான்' இருந்த இடத்தில் எல்லாம் குகன் என்று ஒரு பெயரைப் போட்டுப் பார்த்தேன். வாக்கியங்கள் நகர ஆரம்பித்தன. இன்னொருவன் செய்த தப்பைச் சொல்வது எவ்வளவு சுலபமாக இருக்கிறது.

2

தொடக்கம் ஒன்று: கிள்ளானில் அன்று விடாத மழை. குகன் குடையை மடக்கி— (வேண்டாம். பழியை மழையின் மேல் போடப் பார்க்கிறேன்.)

தொடக்கம் இரண்டு: ஸ்லாவிய மக்கள் கிறிஸ்தவத்துக்கு மாறுவதற்கு முன்னால் இடிக்கு ஒரு தெய்வம், நெருப்புக்கு ஒரு தெய்வம் என்று வணங்கி வந்தார்கள். அந்தப் பழைய தெய்வங்களை இன்று மறுபடியும்— (பள்ளிக்கூடக் கட்டுரை. அண்ணி இரண்டாம் வரியில் போனைக் கீழே வைத்துவிடுவார்.)

தொடக்கம் மூன்று: நாகையாவிடமிருந்து செய்தி வந்து எழுபத்தொரு நாள் ஆகிறது.

இது இருக்கட்டும்.

நாகையா குகனின் அண்ணன். ரஷ்யாவில் கிடங்கு வேலை என்று ஒரு ஏஜெண்ட் அழைத்துப் போனான். போய் இறங்கிய மூன்றாம் நாள், படிக்கத் தெரியாத மொழியில் இருந்த காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். நான்காம் நாள் ராணுவ முகாம். கிடங்கு வேலைதான், முகாமுக்குள் இருக்கும் கிடங்கு என்று நாகையா வீட்டுக்குச் சொன்னான். அம்மா நம்பினார். அண்ணி மலர்விழி நம்பவில்லை, நம்பியதுபோல் பேசினார்.

[அண்ணியைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். இந்தக் கதையில் அவர் இவ்வளவு கெட்டிக்காரர் என்றால், அடுத்து வருவதை எப்படி நம்பினார்? பதில் எனக்குத் தெரியும். சொன்னது குகன். அதனால் நம்பினார்.]

3

குகன் கடல் தாண்டி வேலைக்கு வந்த இடம், கிள்ளான் லிட்டில் இந்தியாவுக்குப் பின்தெருவில் லோகேஸ்வரி அக்காவின் எம்பிராய்டரி கடை. பள்ளி பேட்ஜ், கோயில் கொடி, பந்துக் குழுவின் சட்டை, தைப்பூசத்துக்குக் காவடிக் குழுக்களின் டீசட்டை. கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சாமி உருவத்தைத் தைத்தாலும் முதல் துண்டை விற்கக் கூடாது. அதைச் சாமி அலமாரியில் வைத்து, ஓரத்தில் குங்குமம் இட்டு, ஊதுபத்தி காட்டிவிட்டுத்தான் இரண்டாவது துண்டுக்கு மெஷினை ஓட்ட வேண்டும். முருகன், அம்மன், அனுமார் என்று அலமாரி முழுக்க முதல் துண்டுகள்.

சுபாங் ஜெயாவிலிருந்து ஆன்லைன் வியாபாரி ஒருவன், சட்டையில் ஒட்டும் துணிச் சின்னம், முந்நூறு பேட்ச் ஆர்டர் கொடுத்தான். கறுப்புத் துணி, சிவப்பு நூல், நடுவிலிருந்து கிளம்பி ஒரே பக்கமாக வளையும் எட்டுக் கைகள் உள்ள சக்கரம். பின்னால் ஒட்டுப்பட்டை. ராணுவச் சாமான் சேகரிக்கிறவர்கள் வாங்குவார்கள் என்றான். குகன் இது என்ன என்று கேட்டதற்கு, பழைய ரஷ்யச் சூரிய சாமி என்று சொல்லிவிட்டுப் போனான்.

லோகேஸ்வரி அக்கா கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "சூரியன்தானே லா? அப்ப சாமிதான். முதல் பீஸை அங்க வை."

குகன் வைத்தான். குங்குமம் இட்டான். ஓரத்துச் சிவப்பு நூலின் மேல் குங்குமம் தெரியவில்லை என்று இன்னொரு முறை இட்டான்.

(கதாசிரியர்கள் இப்படி ஒரு விவரம் கிடைத்தால் சந்தோஷப்படுவார்கள். நான் மைக்கை நிறுத்திவிட்டு மறுபடி அழுத்தினேன்.)

4

இரண்டு மாதம் கழித்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரத்தில், நாகையாவிடமிருந்து ஒரு படம் வந்தது. யாரோ ஒருவனின் தோள்பட்டை. அதில் அதே சக்கரம். கூடவே எழுதியிருந்தான். முகாமில் இரண்டு பட்டியல் போடுகிறார்கள். ஒன்று பதுங்குகுழி வெட்டப் போகிறவர்களுக்கு. இன்னொன்று இந்தச் சின்னம் போட்ட தன்னார்வப் படைக்கு. அவர்கள் சமையலுக்கும் மூட்டை தூக்கவும் ஆள் கேட்கிறார்கள். எதில் பெயர் கொடுப்பதென்று சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும். இவர்கள் எப்படிப்பட்ட ஆட்கள் என்று தெரியவில்லை. உனக்கு ஏதாவது தெரியுமா தம்பி?

குகனுக்குத் தெரியும். அதுதான் கொடுமை, தெரியும் என்று நினைத்தான். எழுந்துபோய் அலமாரியில் இருந்த முதல் துண்டைக் குங்குமத்தோடு படம் எடுத்தான். அண்ணனுக்கும் அண்ணிக்கும் சேர்த்தே அனுப்பினான்.

"அண்ணே, இது சூரிய பகவான் சின்னம். எங்க கடையில சாமிகிட்ட வச்சிருக்கோம், பாரு. நம்மள மாதிரி சாமி கும்பிடுறவங்க. பயப்படாம போ."

நாகையா ஒரு கும்பிடு போட்ட கையை அனுப்பினான். அதோடு பட்டியல் முடிவாகிவிட்டது.

அண்ணி தனக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டார். அந்த முதல் துண்டையே குகன் தபாலில் அனுப்பினான். வீட்டுச் சாமி அலமாரியில், முருகன் படத்துக்குப் பக்கத்தில் அது இருக்கிறது. தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் அண்ணி அதன் முன்னால் விளக்கேற்றுகிறார்.

5

(இந்தப் பகுதி கட்டுரை மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். குகன் இதையெல்லாம் படிக்க வேண்டிய காலத்தில் படிக்கவில்லை.)

அந்தச் சக்கரம் ஆயிரம் ஆண்டுப் பழமை என்று அதை அணிகிறவர்கள் சொல்கிறார்கள். இன்று காணும் வடிவத்தில் அது பரவியது போன நூற்றாண்டில்தான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பழைய தெய்வங்களை மறுபடி கும்பிட ஆரம்பித்தவர்களில் சாதுவான மனிதர்கள் நிறைய உண்டு. காட்டில் நெருப்பு மூட்டுகிறார்கள், ஆற்றில் மாலை விடுகிறார்கள், அதோடு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

அதே தெய்வங்களைத் துப்பாக்கியோடு கும்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ரஷ்யா இப்போது நடத்தும் போரின் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். தெய்வம் ரத்தத்தில் வருகிறது, வெள்ளை ரத்தத்தில் மட்டும் வருகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. ஆரியர் என்கிறார்கள். தங்களுக்கும் வேதம் உண்டு என்கிறார்கள். வேதம் என்ற சொல்லைப் பார்த்ததும் குகனின் மனசு ஒரு விநாடி குளிர்ந்தது. அந்த ஒரு விநாடிக்காக அவனை என்னால்

(இந்த வாக்கியத்தை இப்படியே விட்டுவிடுகிறேன்.)

6

அந்தப் படையில் இருந்து உயிரோடு திரும்பிய பாலக்காட்டுக்காரர் ஒருவரின் எண், ஊர்க்காரர்கள் வழியாகக் குகனுக்குக் கிடைத்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பள்ளிக்கு பேட்ஜ் கொடுக்கப் போன அன்று, மோனோரயில் பாதைக்குக் கீழே நின்று அவரோடு பேசினான். மேலே ரயில் போகும்போதெல்லாம் அவர் நிறுத்திக்கொண்டார். இரைச்சல் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

சமையல் வேலை ஒன்பது நாள்தான் இருந்ததாம். பிறகு கோடையின் மிக நீண்ட பகல் வந்தது. அன்று அவர்களுக்குப் பண்டிகை. முகம் செதுக்கிய மரத்தூணை நட்டு, சுற்றி நெருப்பு வளர்த்தார்கள். சட்டையைக் கழற்றி வட்டமாக நின்றார்கள்; முதுகில் எல்லாம் அந்தச் சக்கரம் பச்சை குத்தியிருந்தது. விறகு சுமந்து வந்த இந்தியர்களை வட்டத்துக்கு வெளியே நிறுத்தினார்கள். நாகையா தலைக்கட்டை அவிழ்த்து இடுப்பில் சுற்றிக்கொண்டு, தூணைப் பார்த்துக் கைகூப்பினான்.

"நாங்கள்லாம் சும்மா நின்னோம், தம்பி. உங்க அண்ணன் மட்டும் கும்பிட்டார். அதுதான் அவங்களுக்குப் பிடிக்கலை."

ஒருவன் வந்து கூப்பிய கையைக் கட்டையால் தட்டிவிட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். இது உன் சாமி இல்லை என்று அவன் சொன்னதைக் கொஞ்சம் இந்தி தெரிந்த இன்னொருவன் மொழிபெயர்த்தானாம். நாகையா போனை எடுத்து, தம்பி அனுப்பிய படத்தைக் காட்டினான். சாமி அலமாரி, குங்குமம், முருகனுக்குப் பக்கத்தில் அவர்கள் சக்கரம்.

போன் பல கைகளுக்கு மாறியது. அப்போது யாரும் சிரிக்கவில்லை என்றார் பாலக்காட்டுக்காரர்.

அடுத்த வாரம் ஒரு வயலைக் கடக்க வேண்டியிருந்தது. கண்ணிவெடி இருக்கும் வயல். முன்னால் நடக்க ஆள் பிரித்தபோது முதல் பெயர் நாகையா. வயலின் பாதிவரை அவன் போனதைப் பாலக்காட்டுக்காரர் பார்த்தார். பிறகு புகை. யாரும் தேடப் போகவில்லை.

செத்ததைப் பார்த்தீர்களா என்று குகன் கேட்டான். மேலே ரயில் வந்தது. போனதும், அண்ணனுக்குப் பிள்ளை உண்டா என்று அவர் கேட்டார்.

7

முதல் வரைவில் லோகேஸ்வரி அக்காவை நல்லவராக எழுதியிருந்தேன். குகன் விஷயத்தைச் சொல்கிறான்; அவர் அந்த வியாபாரியை இனிமேல் வராதே என்று விரட்டுகிறார். நன்றாக இருந்தது. அடித்துவிட்டேன்.

நடந்தது வேறு. சுபாங் ஜெயா ஆள் மறுபடியும் ஐந்நூறு கேட்டிருந்தான். அந்தச் சின்னம் கெட்டவர்கள் போடுவது என்று மட்டும் குகன் சொன்னான். அண்ணனைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். "நமக்கு எப்படித் தெரியும் லா, கஸ்டமர் சாமின்னுதானே சொன்னான். உனக்கு வேணாம்னா வேணாம்னு சொல்லு குகா. நான் கேன்சல் பண்றேன்."

அவர் நல்லவர்தான். முழுக் கதவையும் திறந்து வைத்தார். ஏன் வேண்டாம் என்று அடுத்ததாகக் கேட்பாரே என்று குகன் பயந்தான். சிவப்பு நூலை மாட்டினான். அன்று சாயங்காலத்துக்குள் அறுபது துண்டு முடித்தான்.

8

முடிவு அ: குகன் ஒன்றும் சொல்வதில்லை. அண்ணி தினமும் விளக்கேற்றுகிறார். புருஷனை முன்னால் நடக்கவிட்டவர்களின் சின்னத்திடம், அவனைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கச் சொல்லி வேண்டிக்கொள்கிறார்.

முடிவு ஆ: குகன் பாதி சொல்கிறான். அலமாரியிலிருந்து அதை எடுத்துவிடுங்கள், தீட்டுப்பட்டுவிட்டது என்று ஏதோ காரணம். அண்ணி எடுத்துவிடுகிறார். புருஷனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தெரிந்துகொள்கிறார். எது, எப்படி, யாரால் என்பது மட்டும் தெரியாது.

முடிவு இ: நாகையா திரும்பி வருகிறான். (இதை மூன்று பக்கம் எழுதினேன். விமான நிலையம், பிள்ளைக்கு வாங்கிவந்த கம்பளிக் குல்லாய், எல்லாம். எழுதிக்கொண்டிருக்கும்போது நன்றாகத்தான் இருந்தது.)

9

இவற்றில் எதை வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, இன்று ஊரில் பகல் ஒரு மணி இருக்கும்போது அண்ணியிடமிருந்து செய்தி வந்தது. இதை நான் கற்பனை செய்யவில்லை.

பக்கத்து வீட்டு வீரம்மாவின் மகனும் அதே ஏஜெண்டிடம் பெயர் கொடுத்துவிட்டானாம். வெள்ளிக்கிழமை விமானம். வீரம்மா பயந்து அழுதிருக்கிறார். அண்ணிதான் தைரியம் சொல்லியிருக்கிறார். போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், அதனால் பேச்சு இருக்காது, மற்றபடி அவர்கள் சாமி கும்பிடுகிற நல்ல மனிதர்கள், அந்தப் படையையே கேட்டுச் சேரச் சொல்லுங்கள் என்று. அத்தாட்சிக்குச் சாமி அலமாரியைத் திறந்து காட்டியிருக்கிறார்.

கடைசி வரி: "அந்தச் சூரியச் சாமி இன்னொண்ணு தச்சு அனுப்புறியா தம்பி? அந்தப் புள்ள கையில குடுத்து விடலாம்."

குகனைக் கூப்பிட்டேன். அவன் வரவில்லை. நானே பதில் போட்டேன். "அவனை அனுப்ப வேண்டாம்னு சொல்லுங்க அண்ணி."

உடனே திரும்பி வந்தது. "ஏன் தம்பி?"

அரை மணி நேரம் ஆகிவிட்டது. சாப்பாட்டு நேரம் முடிந்து அண்ணி மெஷினுக்குத் திரும்பியிருப்பார். ஆறு மணிக்கு ஷிப்ட் முடியும். அதற்குள் ஒரு பதில் போயாக வேண்டும். கீழே இடம் விட்டிருக்கிறேன். என்னைவிட நீங்கள் நன்றாக எழுதுவீர்கள்.

எழுதுமுன் ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். என்னிடமிருந்து வரும் செய்திகளை அண்ணி மில்லில் ஒரு முறை படிப்பார். பிறகு வீட்டுக்குப் போனதும், அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, முதல் எழுத்திலிருந்து சத்தமாக வாசித்துக் காட்டுவார்.