அறுபத்து நான்கு எழுத்து

போன ஆடியில் நடந்ததை விஜி சாகும் வரை மறக்க மாட்டாள். சென்னை பாடியில் அனுசுயாவின் லேத் பட்டறை. கம்ப்யூட்டர் கடைக்காரன் கோபியிடம் அப்போது விஜி வேலை பார்த்தாள். பட்டறைக் கம்ப்யூட்டரில் வைரஸ் வந்ததும், எட்டுத் தொழிலாளிகள் பார்க்க, "இவ பென் டிரைவாலதான் மேடம்" என்று கோபி பழியைத் தூக்கி அவள் தலையில் போட்டு, அங்கேயே வேலையை விட்டுத் துரத்தினான். பாவி! தொழிலாளிகளில் மூத்தவரான வேம்புலி அவளைப் பார்த்துக் காறித் துப்பினார். அதன்பிறகு எந்தக் கடையும் அவளைச் சேர்க்கவில்லை.

இப்போது அதே கம்ப்யூட்டர், அதே வைரஸ். விஜிதான் இல்லையே, பிறகு எப்படி வந்தது? அனுசுயாவுக்கு உறைத்தது. கள்ளிக்குப்பத்தில் வீட்டோடு கிடந்த விஜிக்குப் போன் போட்டாள். "கோபியும் இருக்கணும், அந்த எட்டு பேரும் இருக்கணும்" என்று சொல்லிவிட்டுத்தான் விஜி பஸ் ஏறினாள்.

பட்டறைக்குள் நுழைந்ததும் கோபியிடம் கேட்டாள்: "கம்ப்யூட்டர்ல இன்னா ஃபைல் போட்ட அண்ணாத்தே?"

"லினக்ஸுதான். ஆடியில எறக்குன அதே ஃபைலு. நெட்டுல எவனோ தெறந்து வச்ச ஃபோல்டர்ல இருந்துச்சு. பக்கத்துலயே சரிபாக்குற நம்பரும் இருந்துச்சு, ஒத்துப்போச்சு."

"கெடுத்து வச்சவனே நம்பரையும் வச்சா ஒத்துப்போவாம இன்னா பண்ணும்? லினக்ஸ் செஞ்சவங்க சைட்டுல பாத்தியா?"

விஜி அந்தத் தளத்தைத் திறந்து, ஃபைலில் ஒரு புள்ளி மாறினாலும் மாறிவிடும் அந்த அறுபத்து நான்கு எழுத்து நம்பரைத் தாளில் அச்சடித்து அனுசுயாவிடம் நீட்டினாள். கோபியின் பென் டிரைவில் இருந்த ஃபைலுக்கான நம்பரைத் தன் லேப்டாப்பில் வரவழைத்தாள்.

"நீயே படி. அக்கா பாப்பாங்க."

"ஏழு... எஃப்... ரெண்டு..."

"இங்க ஒம்பது" என்றாள் அனுசுயா.

கோபி படிப்பதை நிறுத்தினான். "தெரிஞ்சுபோச்சு இல்ல? உட்டுடு விஜி."

"அன்னிக்கு நான் அழுதப்ப உட்டியா? இன்னும் அறுபத்தொண்ணு கீது. படி!"

படித்தான். ஒத்துப்போகாத ஒவ்வொன்றுக்கும் அனுசுயா "இல்ல" என்றாள். பாதியிலேயே தொழிலாளிகளும் சேர்ந்து "இல்ல" என்றார்கள். விஜிக்கு வயிறு குளிர்ந்தது.

"இப்போ சொல்லு, வைரஸ் யார் கொண்டாந்தது?"

"நாந்தான்" என்று கோபி தரையைப் பார்த்து முனகினான்.

"கேக்கல" என்றார் வேம்புலி.