சார் மீட்டிங்கில் இருக்கிறார்

1

அவள் விரல்கள் விசைப்பலகையில் பறந்துகொண்டிருந்தன. தோளுக்கும் காதுக்கும் நடுவே தொலைபேசி. அதற்குள் ஒரு மருத்துவமனையே கத்திக்கொண்டிருந்தது.

"எல்லாருக்கும் ஒண்ணாம் நம்பர் டோக்கன் வருதும்மா! பல் வலிக்காரருக்கும் ஒண்ணு, பிரசவத்துக்கு வந்தவங்களுக்கும் ஒண்ணு! டாக்டர் ரூம் கதவுல அடிதடி நடக்குது!"

"பார்த்துட்டே இருக்கேன் மேடம்."

"நீங்க பார்த்து என்னம்மா ஆகப்போகுது? சார்கிட்ட குடுங்க!"

"சார்தான் சரி பண்ணிட்டிருக்காரு மேடம். பேச முடியாது, கை வேலையா இருக்காரு" என்றபடி, அவளே

(இங்கே நிறுத்துகிறேன். "அவளே" என்று எழுதியதுமே விஷயம் வெளியே வந்துவிட்டது. தொடர்கதைக்காரர் யாரும் முதல் பக்கத்திலேயே இப்படி உளறமாட்டார். அடித்துவிட்டு மறுபடி எழுதலாமென்றால் அந்த ஒரு சொல்தான் கதையே. கிடக்கட்டும்.)

பழைய பதிப்புக்குத் திருப்பினாள். காலையில் புதிதாக ஏற்றிய நிரல் விலகியது. நேற்றைக்குச் சரியாக ஓடிய நிரல் உட்கார்ந்தது.

"ஆ, வந்துருச்சு! நம்பர் வரிசையா வருது!" என்றது தொலைபேசி. "சாருக்கு ரொம்ப தேங்க்ஸ்னு சொல்லுங்கம்மா."

"சொல்லிடறேன் மேடம்."

அந்த அலுவலகத்தில் சார் என்று யாரும் இல்லை. இருந்ததும் இல்லை.

2

இந்தக் கதை வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். வார இதழ் ஒன்று மகளிர் சிறப்பிதழ் போடுகிறது. "கம்ப்யூட்டர் துறையில பெண்கள், அதான் தீம். முன்னேற்றம் இருக்கணும், கொஞ்சம் த்ரில் இருக்கணும், கடைசியில கண்ணீர் வரணும்" என்று மளிகைச் சாமான் சொல்வதுபோல் சொன்னார் ஆசிரியர். பிணம் விழாமல் நான் கதை எழுதி வெகுகாலமாகிறது. முன்னேற்றத்தை எந்தக் கத்தியால் குத்துவது?

வேறு வழியில்லாமல் தொடங்கினேன்.

ஜன்னலோரம் நின்று தொடுவானத்தைப் பார்த்த அவள் கண்களில் 

சாதிக்கவே பிறந்த அந்தப் புதுமைப் பெண் 

கணினித் திரையின் நீல ஒளி அவள் முகத்தில் 

மூன்றையும் என் சித்தி மகளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் மென்பொருள் நிறுவனம் நடத்துகிறவள். டயர் கடைக்கு மேலே இரண்டு அறை, எல்லோரும் பெண்கள். படித்து, வேலை பார்த்து, பிறகு குழந்தை, மாமியார் படுக்கை, கணவர் இடமாற்றம் என்று ஏதோ ஒன்றில் வேலையை விட்டவர்கள். திரும்பப் போனபோது, "இத்தனை நாள் சும்மாவா இருந்தீங்க?" என்று கேட்டு அனுப்பப்பட்டவர்கள். சும்மாவாம்!

"ரைட்டரே," என்றாள். அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள், கிண்டலாக. "எங்க ஆபீஸ்ல ஜன்னலே இல்ல. ஏசி வீணாகுதுன்னு அட்டை வச்சு அடைச்சிருக்கோம். தொடுவானம் பார்க்கணும்னா டயர் கடைக்காரரைத்தான் கேக்கணும்."

"அப்ப என்னதான் எழுதறது?"

"சாரைப் பத்தி எழுதுங்களேன்."

"எந்த சார்?"

சிரித்தாள். சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரமானது.

3

சார் பிறந்தது தயிர்சாதத்தின் 

(இல்லை, சாப்பாட்டு வேளை என்றால் போதும்.)

சார் பிறந்தது ஒரு சாப்பாட்டு வேளையில். நிறுவனத்தில் நிரல்களைச் சோதிக்கும் பெண்ணுக்குப் பட்டப்பெயர் சந்தேகம். எதையும் நம்பாமல் இருப்பதற்கே சம்பளம் வாங்குகிறவள். வாய் நிறையச் சோற்றோடு தொலைபேசியை எடுத்தாள். மறுமுனை, "சார் இருக்காரா?" என்றது. அதே மருத்துவமனையின் நிர்வாகி அம்மாள். அதுவரை நாள்தோறும், "சார்னு யாரும் இல்லை மேடம், நாங்கதான்" என்று விளக்கி விளக்கித் தொண்டை வற்றியிருந்தது. அன்றைக்கு விளக்க வாயில் இடமில்லை.

"மீட்டிங்ல இருக்காரு" என்றாள் சந்தேகம்.

"அப்பாடா" என்றார் நிர்வாகி. "அப்ப அவர் வந்ததும் கேட்டுச் சொல்லுங்க."

அந்த அப்பாடாதான் எல்லாவற்றையும் கெடுத்தது. நாள்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்த ஒரு விஷயம், "சார் இப்படித்தான் செய்யச் சொன்னாரு" என்ற ஒரே வாக்கியத்தில் முடிந்துபோனது. சித்தி மகள் முன்னாலேயே சொன்ன அதே பதில்தான். எழுத்துக்கு எழுத்து அதே.

அப்புறம் சார் வளர்ந்தார். மின்னஞ்சல் முகவரி வந்தது. ஒரு பெயரும் வந்தது. (சொல்லமாட்டேன். அந்தப் பெயரில் நிஜமாகவே ஒருவர் இருந்து தொலைத்தால் யார் பதில் சொல்வது?) சாருக்குக் குணமும் வந்தது: முன்கோபி, ஆனால் நியாயஸ்தர். சொன்ன வேலைக்கு மேலே இலவசமாகக் கேட்டால் பிடிக்காது. கடைசி நேரத்தில் மாற்றச் சொன்னால் அறவே பிடிக்காது. கடைசியில் அலுவலகத்துக்குள்ளேயே, "முதலாளி, நாளைக்கு லீவு வேணும்" என்று யாராவது வந்தால், சித்தி மகள் தன்னை மறந்து, "சார்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லத் தொடங்கிவிட்டாள்.

எனக்கு வயிற்றெரிச்சல்தான். எத்தனை துப்பறிவாளர்களைப் படைத்திருக்கிறேன்! ஒருவனைக்கூட யாரும் தொலைபேசியில் கூப்பிட்டதில்லை.

4

இதுவரை எழுதியது ஆசிரியருக்குப் போனது. கருத்து வந்தது.

"அந்த சார் கேரக்டர் பிரமாதம்! அவரையே ஹீரோவாக்கிடலாமே?"

அவர் கிடையாது என்று பதில் போயிற்று.

"அதனால என்ன? உண்டாக்கிடலாம். அந்தப் பொண்ணுங்களுக்குத் தைரியம் குடுக்கிறவரா, பின்னால நின்னு தூக்கிவிடறவரா. பெண்கள் முன்னேற்றம்தானே தீம்?"

நான் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.*

* இதைவிட மோசமானது ஒன்று உண்டு. நிர்வாகி அம்மாள் ஒருநாள் சித்தி மகளிடம் மனமுருகிச் சொன்னாராம்: "உங்க சாருக்கு எவ்வளவு பெரிய மனசும்மா! எல்லாம் பொம்பளைப் பிள்ளைங்களாப் பார்த்து வேலை குடுத்திருக்காரே!" அவளும், "ஆமா மேடம், தங்கமான மனுஷன்" என்றாளாம். சொல்லிவிட்டுக் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கத்தினாளாம்.

5

டோக்கன் கலவரம் அடங்கிய மறுநாள் நிர்வாகி கூப்பிட்டார். ஒப்பந்தம் முடியப்போகிறது. புதுப்பிக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை.

"எங்க சார், அதான் ஸ்கிரீன் கலர் பிடிக்கலைன்னாரே, அவரு ரொம்ப கோவமா இருக்காரு. உங்க சார் நேர்ல வரணுமாம். ஏன் இப்படி ஆச்சுன்னு அவர் வாயால சொல்லணுமாம். ரெண்டு பேரும் உக்காந்து பேசி முடிச்சுக்கட்டும். இல்லைன்னா வேற கம்பெனி பார்த்துக்குவோம்."

அந்த மருத்துவமனைதான் நிறுவனத்தின் சோறு. மற்ற வேலைகளெல்லாம் தொட்டுக்கொள்ள. அது போனால் மாடியைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான். மறுபடி எல்லோரும், "இத்தனை நாள் என்ன பண்ணீங்க?" என்று கேட்கும் மேஜைகளுக்கு முன்னால் போய் உட்கார வேண்டும்.

"ஒரு சாரைக் கொண்டுபோகணும்" என்றாள் சித்தி மகள், என்னிடம். "நீங்கதான் கதை எழுதறவங்களாச்சே. ஒரு வழி சொல்லுங்க, ரைட்டரே."

6

சொன்னேன். ஒன்றல்ல, மூன்று முடிவுகள்.

முதல் முடிவு: அவள் கணவர் சாராக நடிக்கிறார். நல்ல மனிதர், பூகோள வாத்தியார், கேட்டதும் டையை இஸ்திரி போட்டு வைத்துவிட்டார். "மெயில் பாஸ்வேர்டு என்னன்னு என்னைக் கேக்கிற மனுஷன்" என்றாள் அவள். "சர்வர் ஏன் விழுந்ததுன்னு கேட்டா, நிலநடுக்கம்னு சொல்லிடுவாரு."

இரண்டாம் முடிவு: சாரைக் கொன்றுவிடுவது. இது என் தொழில், சுத்தமாக முடித்துக் கொடுப்பேன். மாரடைப்பு, திடீரென்று. சந்தேகத்துக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் அவளே ஓட்டையும் கண்டுபிடித்தாள். "துக்கம் கேக்க வருவாங்களே முதலாளி? மாலையை எதுமேல போடுவாங்க? அதுவுமில்லாம, சார் போயிட்டா அடுத்த சார் யாருன்னுதானே கேப்பாங்க?"

மூன்றாம் முடிவு: உண்மையைச் சொல்வது. இதை நான் சிபாரிசு செய்யவில்லை. உண்மை சொல்லி முடிகிற தொடர்கதையை வாசகர்கள் மன்னிப்பதில்லை.

"மூணும் வேஸ்ட்" என்று தொலைபேசியை வைத்துவிட்டாள்.

7

(இந்தப் பகுதியை நான் பார்க்கவில்லை. அவள் சொல்லி எழுதுகிறேன். வர்ணனைக்கு மட்டும் நான் பொறுப்பு.)

மருத்துவமனையின் மேல்மாடியில் நிர்வாகியின் அறை. மேஜையின் இரண்டு பக்கமும் சுழல் நாற்காலி ஒவ்வொன்று, சார்களுக்கு. ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள், மற்றவர்களுக்கு. சித்தி மகளும் சந்தேகமும் பிளாஸ்டிக்கில் உட்கார்ந்தார்கள். நிர்வாகியும் பிளாஸ்டிக்கில்.

"சார் பார்க்கிங்ல இருக்காரா?" என்றார் நிர்வாகி.

சித்தி மகள் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பொய் ஒன்று இருந்தது. நல்ல பொய், விமான நிலையமெல்லாம் வரும். வாயைத் திறந்தபோது வேறு ஏதோ வந்தது.

"சார்னு யாரும் இல்லை மேடம். டோக்கனைச் சரி பண்ணது நான்தான். கெடுத்ததும் நான்தான். சந்தேகப்பட்டுப் பார்க்கச் சொன்னாங்க இவங்க. நான்தான் அவசரப்பட்டு ஏத்திட்டேன்."

நிர்வாகி எழுந்தார். கதவைச் சாத்தினார். (எங்கள் தொழிலில் கதவு சாத்தப்பட்டால் அடுத்து துப்பாக்கி வரவேண்டும்.)

"எங்க சாரும் இன்னிக்கு வரமாட்டாரு" என்றார்.

"பரவாயில்ல மேடம், இன்னொரு நாள்"

"இன்னொரு நாளும் வரமாட்டாரு."

சந்தேகத்துக்குத் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. "மேடம், தப்பா நினைக்காதீங்க. உங்க சார்... இருக்காரா?"

"மருந்துக் கம்பெனிக்காரன் ஒருத்தன், என்னை வாயைத் திறக்க விடாம பேசிட்டே இருந்தான். 'எங்க சார்கிட்ட கேக்கணும்'னேன். டக்குனு நிறுத்தினான். அன்னையிலேருந்து இருக்காரு."

"அப்ப, ஸ்கிரீன் கலர் சாருக்குப் பிடிக்கலைன்னீங்களே?"

"எனக்குத்தான் பிடிக்கல. கண்றாவியா இருந்துச்சு."

"சார் கோவமா இருக்காருன்னது?"

"நான்தான் கோவமா இருந்தேன்! அடிதடியை விலக்கப்போய் என் வளையல் உடைஞ்சுது!"

மூவரும் சிரித்தார்களாம். இரண்டு வருஷமாக, இல்லாத இரண்டு ஆண்கள் ஒருவரையொருவர் மிரட்டிக்கொண்டு, விட்டுக்கொடுத்து, வணிகம் நடத்தியிருக்கிறார்கள். வேலை பார்த்தது இவர்கள்.

இங்கேயே முடித்திருந்தால் ஆசிரியர் கேட்ட கண்ணீர் கிடைத்திருக்கும், ஆனந்தக் கண்ணீர். எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. நிர்வாகி ஒப்பந்தத்தை எடுத்து வைத்தார்.

"முதலாளின்னு உங்க பேர் இருக்கறது யாரையும் உறுத்தாது. அப்பா காசு, புருஷன் காசுன்னு நினைச்சுக்குவாங்க. இதோ இந்தக் கோடு இருக்கு பாருங்க, மென்பொருளை உருவாக்கியவர்னு. இதான் உறுத்தும். உங்க சார் பேர் இருந்தா மேல இருக்கிற டிரஸ்ட்காரங்க படிக்காமலே கையெழுத்துப் போடுவாங்க. உங்க பேர் இருந்தா கூப்பிட்டுக் கேள்வி கேப்பாங்க, டோக்கன் விஷயமும் வெளிய வரும். நான் உங்களுக்காகச் சண்டை போடறேன். ஜெயிப்பேன்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

பேனாவைத் திறந்து கொடுத்தார்.

8

அவள் எந்தப் பெயரை எழுதினாள்?

தெரியாது. நிஜமாகவே தெரியாது. இது ரகசியத்தை அடுத்த வாரத்துக்கு இழுக்கும் வித்தை அல்ல. வாசகரே, நீங்கள் பேனாவைப் பிடித்துப் பாருங்கள். டயர் கடை மாடியில் சாப்பாட்டுப் பையோடு காத்திருப்பவர்களையும் நினைத்துக்கொண்டு பிடியுங்கள். துணிச்சலாக எழுதுவது கதையில் சுலபம், நான் ஒரு நாளைக்கு நாலு தடவை எழுதுவேன்.

அவளைக் கேட்டுப் பார்த்தேன். கெஞ்சியும் பார்த்தேன்.

"கதை அச்சுக்குப் போகணும். எந்தப் பேரைப் போட்டே? சொல்லித் தொலையேன்!"

"சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"நீங்க முதல்ல உங்க பேரைப் போடுங்க. அப்புறம் சொல்றேன்."

"என் பேர் போட்டுத்தானே இத்தனை வருஷமா எல்லாக் கதையும் வருது?"

 கிண்டல் துளியும் இல்லாமல் சொன்னாள்:

"அது அத்தான் பேரு, அக்கா."

வைத்துவிட்டாள். வைத்த கையோடு தொலைபேசி மறுபடி அடித்தது. ஆசிரியர்.

"வணக்கம்மா. சார் எழுதிட்டிருக்காரா? தொந்தரவு பண்ண வேண்டாம். முடிவு என்ன வச்சிருக்காருன்னு மட்டும் கேட்டுச் சொல்றீங்களா?"

இதுவரை என் எல்லாக் கதைகளின் முடிவையும் நான் அப்படித்தான் கேட்டுச் சொல்லியிருக்கிறேன்.