லவுரஞ்சியார் வெறுங்கையோடு போகக்கூடாது

சிப்பித்துறையில் உடம்பில் எங்கே வலித்தாலும், அதற்குரிய புனிதரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நடந்து வருவார். வலியை வாங்கிக்கொண்டு போவார். இந்தக் கதையில் ஒரு சிரிப்பும் உண்டு. நல்ல பெரிய சிரிப்பு. ஆனால் அது பிலோமியின் இடுப்பில் மாட்டிக்கொண்டு கிடந்தது. சிரித்தால் குத்துகிறது என்று மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அவள் சிரிப்பதில்லை. எனவே கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

பிலோமி கம்பெனியில் நின்றபடி இறால் உரிப்பவள். இப்போதெல்லாம் அவளால் திரும்பிப் பார்க்க முடியாது. இடுப்புக்கு உரியவர் லவுரஞ்சியார். அவரைக் கூப்பிட அவள் சம்மதிக்கவில்லை.

"அந்த மனுசன இரும்புக் கம்பியில கெடத்தித் தீயில வாட்டியிருக்காங்க. அவருகிட்டப் போயி எனக்கு இடுப்பு வலின்னு சொல்ல வாய் வருமாட்டி?"

மகள் ஜெசிந்தாவுக்கு வரும். எந்த வாயும் வரும். பங்குச் சாமியாரின் இருமல், ஐஸ் வண்டிக்காரரின் கூவல், எல்லாம் அவள் தொண்டையில் குடியிருந்தன. ஒரு முறை பக்கத்து வீட்டுத் தையல்காரர் மிஸ்கித்தின் குரலில் பல்வலி என்று அலறினாள். பல்லுக்கு உரிய அப்பொலோனியம்மாள் குறட்டோடு ஓடிவந்தாள். மிஸ்கித்துக்கு ஒரு பல்லும் கிடையாது. வந்ததற்கு ஒரு சட்டைக்குப் பட்டன் தைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஜெசிந்தா எந்தக் குரலைப் போட்டாலும் முதலில் சிரிக்கிறவள் அம்மாதான். இப்போதோ, "சிரிக்க வைக்காதட்டி, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று கும்பிட்டாள். அதன்பிறகு யார் குரலைப் போட்டும் ஜெசிந்தாவுக்கு ருசிக்கவில்லை.

ஒரு மத்தியானம் அவள் கொல்லைப்பக்கம் போய், அம்மாவின் குரலில், "லவுரஞ்சியாரே, இடுப்பு!" என்றாள்.

அவர் வந்தார். முதுகில் சுமந்து வந்த கம்பிக் கட்டிலைச் சுவரில் சாய்த்துவைத்து, "சமாதானம்" என்றார். அவர் பேசுவது அந்த ஒரு வார்த்தைதான். அவர் குரலைப் பிடிக்க ஜெசிந்தாவுக்கு அது போதும்.

பிலோமி அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். "யாரு சாமி கூப்பிட்டது? எனக்கு ஒண்ணுமில்ல. வெயில்ல வந்திருக்கீங்க. தட்டுல மக்ரூன் இருக்கு, தின்னுங்க. டீ போடுறேன்."

வலிக்குச் சொந்தக்காரர் தன் வாயால் 'எடுத்துக்கிடுங்க' என்று சொன்னால்தான் புனிதர்கள் தொடுவார்கள். லவுரஞ்சியார் மக்ரூனை வாயில் போட்டுக்கொண்டு காத்திருந்தார்.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து அவருடைய குரல் வந்தது.

"பிலோமி, இன்னைக்கு என்னைய ஒருத்தரும் கூப்பிடல."

லவுரஞ்சியார் மெல்லுவதை நிறுத்தினார்.

"நேத்தும் இல்ல. வெறுங்கையோட போனா அந்த அப்பொலோனியா கேலி பண்ணுவா. இடுப்பு வியாபாரம் படுத்துருச்சான்னு கேப்பா."

"அய்யோ, அவ அப்படியா கேப்பா?"

"கேப்பாளே. ஏதாவது பழைய வலி, சின்னதாக் கெடந்தாலும் போதும்."

பிலோமிக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பி அவளுக்குப் பழக்கமில்லை.

"பழசு எதுக்கு சாமி? நல்லதாவே ஒண்ணு இருக்கு. எடுத்துக்கிடுங்க."

லவுரஞ்சியார் எழுந்து அவள் இடுப்பில் கை வைத்து வலியை எடுத்தார். ஒரு சூரை மீன் அளவுக்கு இருந்தது, இன்னும் துள்ளிக்கொண்டு. அதைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டினார். டீயைக் குடித்தார். கதவுப்பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, "சமாதானம்" என்று சொல்லிக் கிளம்பினார்.

பிலோமி சுளுவாகத் திரும்பி, அவர் போவதைப் பார்த்தாள்.

"எவ்வளவு பேசுறாரு பாத்தியா? பாவம், ஆள் துணையில்லாத மனுசன்."

ஜெசிந்தா தலையை மட்டும் ஆட்டினாள். ஆண் குரல் அவள் தொண்டையை அரைத்துவிட்டிருந்தது.

அம்மா இன்னும் சிரிக்கவில்லை. வாசலில் வேறொருவர் வந்து நின்றார், எரியும் இரண்டு மெழுகுவத்திகளைக் குறுக்காகப் பிடித்தபடி. தொண்டைக்கு உரிய பிளேசியார்.

"யாரும் கூப்பிடலையே சாமி" என்றாள் பிலோமி.

"லவுரஞ்சியார் அனுப்பினாரு. அவருக்குப் பதிலாப் பேசின தொண்டை எது?"

பிலோமி மெழுகுவத்தியைப் பார்த்தாள். பாதி மக்ரூன் கிடந்த தட்டைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு நின்ற மகளைப் பார்த்தாள்.

"ஏட்டி... இடுப்பு வியாபாரமா?"

வந்தது சிரிப்பு. மழைக்காலம் முழுக்கக் கிடந்த அத்தனையும் வந்தது. மெழுகுவத்தி இரண்டும் அணைந்தன. அவள் மகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, மடங்கி, நிமிர்ந்து, மறுபடி மடங்கினாள்.

"எராஸ்முசே, வயிறு வலிக்குதே!"

தெருமுனையில் வயிற்றுக்கு உரிய எராஸ்முசு, நங்கூரக் கயிறு சுற்றும் உருளையைத் தோள் மாற்றிக்கொண்டு இந்த வீட்டுப் பக்கம் திரும்பினார். பிளேசியார் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, கொஞ்சம் நகர்ந்து அவருக்கும் இடம் விட்டார்.