துணைக்கால்

என் மடிக்கணினிக்குப் பேய் பிடித்திருப்பதை முதலில் கண்டுபிடித்தவர் படம் எடுப்பவர்தான். அவருடைய காட்டுப் படத்துக்குத் திரையின் அடியில் ஓடும் வரிகளை நான் தட்டச்சு செய்து கொடுக்கிறேன். "வனத்தின் நடுவே ஒரு மலை" என்று அடித்தேன். "வானத்தின் நடுவே ஒரு மாலை" என்று அவருக்குப் போயிருக்கிறது.

"படிக்க நல்லாத்தாங்க இருக்கு. ஆனா திரையில மலைதானே நிக்குது?" என்றார் போனில்.

உட்கார்ந்து சோதித்தேன். ஓர் எழுத்தை அடித்துவிட்டுக் கையை எடுத்தால், பின்னாலேயே ஒரு துணைக்கால் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. இடது ஓரத்து ஆவன்னா விசை யாரும் தொடாமலே வேலை செய்துகொண்டிருந்தது. கல் கால் ஆனது. கலம் காலம் ஆனது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும், ஆனால் அன்று வரவில்லை. வெளியே மழை. மதியம் மூன்று மணிக்கே அறை மங்கிவிட்டது. பல் எல்லாம் பாலாகிற வரைக்கும் அரைத் தூக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பழுது எனக்கு வசதியாகவும் இருந்தது. அம்மா கேட்ட ஒரு வரியை அடித்துக் கொடுக்காமல் இரண்டு வாரமாகச் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்பா போய்ப் பதினோரு வருஷம். அம்மாவும் நானும்தான் இந்த வீட்டில். இரண்டு தெரு தள்ளி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவரை அம்மா கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள். நல்ல மனிதர். அம்மாவின் கண் பவர் அவருக்கு மனப்பாடம். கேட்ட அன்றே, "தாராளமா பண்ணிக்கோம்மா" என்று சொல்லிவிட்டேன். அம்மா நம்பவில்லை.

"உன் வாய் எதையும் சொல்லும். எழுத்துல குடு. 'எனக்குச் சம்மதம்', ரெண்டே வார்த்தை. அது இல்லாம நான் பதிவாளர் ஆபீஸ் படி ஏற மாட்டேன்."

அம்மா அச்சகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்தியவள். சரியான பக்கத்தின் அடியில் சிவப்புப் பேனாவால் "அச்சிடலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் இயந்திரம் ஓடும். எழுத்தில் வராத எதையும் அவள் நடந்ததாகவே எடுத்துக்கொள்ள மாட்டாள். கையால் எழுதித் தருகிறேன் என்றால், "உன் கிறுக்கல் டாக்டருக்கே புரியாது, அடிச்சே குடு" என்றாள். கம்ப்யூட்டர் சரியில்லை என்றால், "ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்" என்றாள்.

பழுது பார்ப்பவருக்குப் போன் செய்தேன்.

"உள்ள இருக்கிற கீபோர்டைப் பிரிச்சா செலவு. அது பேச்சைக் கேக்காதன்னு கம்ப்யூட்டர்கிட்ட சொல்லிடுங்க, போதும். வெளியில ஒண்ணு மாட்டிக்குங்க" என்றார்.

அவர் சொல்லச் சொல்லச் செய்தேன். கணினியின் உடம்போடு பிறந்தவற்றின் பட்டியல் ஒன்று திறந்தது. கேமரா, மைக், டச்பேட், உள் விசைப்பலகை. விசைப்பலகையை அணைத்தேன். உள்ளங்கை பட்டாலே வரி விட்டு வரி தாவுகிற டச்பேடையும் கையோடு அணைத்தேன். மறுபடி திறக்கும்போது இரண்டும் விழித்துக்கொள்ளும் என்றார். அதனால் தொடக்கத்திலேயே அவற்றை ஒதுக்கச் சொல்லி ஒரு கட்டளையும் எழுதி வைத்தேன். பிறகு உள் விசைகளைத் தட்டிப் பார்த்தேன். சத்தம் மட்டும் வந்தது. கூடவே இருப்பதன் பேச்சைக் கேட்காமல் இருப்பது இவ்வளவு சுலபமா என்று இருந்தது.

மறுநாளும் மழை. புது விசைப்பலகையை மேஜையில் வைத்து, மலையை மலையாகவும் வனத்தை வனமாகவும் அடித்து அனுப்பினேன். ஒரு கால்கூடத் தவறி முளைக்கவில்லை. இனிச் சாக்கு இல்லை. அம்மாவின் வரியை அடித்து, பார்க்காமலே அச்செடுத்து நீட்டினேன். அம்மா கண்ணாடியை மாட்டினாள். இரண்டு வார்த்தையை ஒரு பக்கம் படிக்கிற நேரம் படித்தாள்.

"எனக்குச் சம்மதமா" என்று வாசித்தாள்.

வாங்கிப் பார்த்தேன். மகரத்தின் பக்கத்தில் துணைக்கால் நின்றது.

"அது மெஷின் பண்ணின வேலைம்மா."

"மெஷின் வாயைத்தான் நேத்தே அடைச்சிட்டேன்னியே."

பட்டியலைத் திறந்து பார்த்தேன். உள் விசைப்பலகை அணைந்துதான் கிடந்தது. கடைசியில் புள்ளி வைக்கச் சுட்டுவிரல் போயிருக்க வேண்டும். சுண்டுவிரல் முந்திக்கொண்டு ஆவன்னாவுக்குப் போயிருக்கிறது. என் விரல்தான். எனக்கு முகம் சுட்டது.

அம்மா சிவப்புப் பேனாவைத் திறந்தாள். காலை வெட்டப் போகிறாள் என்று நினைத்தேன். வெட்டவில்லை. வரியின் கடைசியில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

"இது பிழை இல்லடி. குறிதான் விட்டுப்போச்சு. இப்ப பதில் சொல்லு."

"பயமா இருக்கும்மா," என்றேன். "நீ போயிட்டா இந்த வீட்ல நான் யார்கிட்ட சண்டை போடுவேன்?"

"ரெண்டு தெருதானே. நடந்து வந்து உன்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டுப் போறேன்."

சிரித்தேன், அழவும் அழுதேன். அம்மா முதுகைத் தடவிவிட்டாள். மழை விடுகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். அவளுக்கு ஒரு துணை வேண்டும். அவளையோ நான் பதினோரு வருஷமாக என் துணை என்று மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். பேனாவை வாங்கித் துணைக்காலை வெட்டினேன். மகரத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்தேன்.

அம்மா தாளைத் தூக்கிப் பிடித்தாள். "கேள்விக்குறியை வெட்ட மறந்துட்ட."

"மறக்கல. அது கொஞ்ச நாள் இருக்கட்டும்மா."

"முப்பது வருஷத்துல கேள்வியோட ஒரு பக்கத்தையும் நான் விட்டதில்ல," என்றாள். வெகுநேரம் அந்தக் குறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேனாவைக் கேட்டு வாங்கி, அடியில் "அச்சிடலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.